மென்பொருள் ஏன் இப்படிக் கனக்கிறது?

சில மாதங்களுக்கு முன், எங்கள் குழு எழுதிய ஒரு இணையப் பக்கத்தை, அதைத் தினமும் பயன்படுத்தும் ஒரு பெண்மணியின் அருகில் உட்கார்ந்து பார்க்க நேர்ந்தது. பெரிய பக்கமெல்லாம் இல்லை. பெயர், தேதி, விவரம் எழுத ஒரு கட்டம், கீழே சேமிப்பதற்கு ஒரு பொத்தான். அவருடைய லேப்டாப்புக்கு ஏழெட்டு வயது இருக்கும். பக்கத்தைத் திறந்தார். முதலில் வெறும் வெள்ளைத் திரை. அப்புறம் சாம்பல் நிறத்தில் காலிக் கட்டங்கள். அப்புறம் ஒரு வட்டம் சுற்றத் தொடங்கியது. அவர் அதைப் பார்த்துக்கொண்டுகூட இருக்கவில்லை. மேசைமேல் கிடந்த காகிதங்களை எடுத்து அடுக்க ஆரம்பித்துவிட்டார். நான் மனதுக்குள் எண்ணினேன். பதினொன்று வரை வந்தது. "எப்பவும் இப்படித்தான் சார், கொஞ்ச நேரம் எடுக்கும்" என்றார். குரலில் புகார்கூட இல்லை. அதுதான் எனக்கு உறுத்தியது. என் மேசையில் அதே பக்கம் ஒரு விநாடிக்குள் திறந்துவிடும்.

அன்று மாலையே அந்தப் பக்கத்தை எடை போட்டேன். ப்ரௌசரிலேயே அதற்கான கருவி இருக்கிறது. எந்தக் கோப்பு எவ்வளவு பெரியது, எது வந்துசேர எவ்வளவு நேரமானது என்று வரிசையாகக் காட்டும். பக்கத்தில் கண்ணுக்குத் தெரியும் ஐகான் ஒன்றே ஒன்று, தேதிக் கட்டத்தின் ஓரத்தில் உள்ள சின்ன நாட்காட்டி. அந்த ஒன்றுக்காக ஆயிரக்கணக்கான ஐகான்கள் கொண்ட முழுத் தொகுப்பும் இறங்கிக்கொண்டிருந்தது. தேதியைக் கையாளும் லைப்ரரி, அதாவது பிறர் எழுதி நாம் சேர்த்துக்கொள்ளும் ஆயத்த நிரல், இரண்டு இருந்தன. ஒன்று நாங்கள் சேர்த்தது. மற்றது, நாங்கள் சேர்த்த வேறொரு லைப்ரரி தன்னோடு கூட்டிவந்தது. அந்தப் பக்கத்தில் சார்ட் எதுவும் கிடையாது, ஆனால் சார்ட் போடும் லைப்ரரியும் வந்தது. வேறொரு பக்கத்துக்கு அது தேவை; எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி அனுப்பும்படி எங்கள் பில்டை (எழுதிய நிரலை அனுப்பத் தயாராக்கும் வேலையை) அமைத்திருந்தோம். எதையும் யாரும் பொறுப்பில்லாமல் சேர்க்கவில்லை. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு நாள், ஏதோ ஒரு அவசரத்தில், நியாயமான காரணத்தோடு உள்ளே வந்தது. உள்ளே வந்ததை வெளியே அனுப்ப மட்டும் யாருக்கும் நேரம் வாய்க்கவில்லை.

மூட்டை இறங்கியதோடு வேலை முடிவதில்லை. 500 கிலோபைட் அளவுள்ள புகைப்படம் ஒன்று வந்தால், ப்ரௌசர் அதை விரித்துத் திரையில் வரைந்துவிடும், அவ்வளவுதான். அதே 500 கிலோபைட், பக்கத்தை இயக்கும் நிரலான ஜாவாஸ்கிரிப்டாக வந்தால் கதை வேறு. சுருக்கி அனுப்பியதை முதலில் விரிக்க வேண்டும். விரித்தால் அது மூன்று நான்கு மடங்காகும். பிறகு எழுத்தெழுத்தாகப் படித்து இலக்கணம் பிரிக்க வேண்டும், சிப்புக்குப் புரியும் கட்டளைகளாக மாற்ற வேண்டும், அப்புறம் ஓட்ட வேண்டும். திரையில் வரைவதையும் பொத்தான் அழுத்தத்தைக் கவனிப்பதையும் செய்கிற அதே ஒற்றைத் தடத்தில்தான் இதில் பெரும்பகுதி நடக்கிறது. அது முடியும்வரை பக்கம் கண்முன் இருந்தாலும் தொட்டால் அசையாது. புதிய சிப்பில் இதெல்லாம் கண் சிமிட்டும் நேரம். பழைய லேப்டாப்பிலும் விலை குறைந்த ஃபோனிலும் அதே வேலை பல மடங்கு நீளும். எங்கள் பதினோரு விநாடியில் பெரும்பங்கு இங்கேதான் போயிருந்தது.

எங்கள் பக்கம் ஒன்றும் விதிவிலக்கு அல்ல. எச்டிடிபி ஆர்க்கைவ் என்ற திட்டம் 2010 முதல் லட்சக்கணக்கான இணையதளங்களை அளந்து வருகிறது. 2024-ல் அது அளந்தபோது, பெரிய திரைக்கு வரும் முகப்புப் பக்கங்களின் நடு அளவு சுமார் 2.6 மெகாபைட். அதாவது பாதிப் பக்கங்கள் அதைவிடக் கனமானவை.

இந்தக் கவலை புதிதும் இல்லை. பாஸ்கல் மொழியை உருவாக்கிய நிக்லாஸ் விர்த் 1995-லேயே இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதற்கு 25 ஆண்டுகளுக்கு முன்பு ஒரு டெக்ஸ்ட் எடிட்டரை 8,000 பைட்டில் எழுத முடிந்தது, அவர் எழுதிய நாளில் வந்த எடிட்டர்கள் அதைப்போல நூறு மடங்கு இடம் கேட்டன என்று கணக்குச் சொன்னார். வன்பொருள் வேகமாவதைவிட விரைவாக மென்பொருள் மெதுவாகிறது என்ற கருத்தை அவர் பெயரால் விர்த் விதி என்கிறோம். அது தன் சகா மார்ட்டின் ரைசர் சொன்னது என்று அவரே எழுதியிருக்கிறார். விர்த் குறை சொல்வதோடு நிற்கவில்லை. யூர்க் குட்க்னெக்ட்டோடு சேர்ந்து ஒபெரான் என்ற முழு அமைப்பையே கட்டிக் காட்டினார். இயங்குதளம், மொழி, நிரலைச் சிப்பின் கட்டளைகளாக மாற்றும் கம்பைலர், எடிட்டர் எல்லாம் அதில் அடக்கம், இரண்டு பேர் தலைக்குள் கொள்ளும் அளவில். அதே 1995-ல் விண்டோஸ் 95 வந்தது. அது குறைந்தபட்சம் கேட்ட மெமரி 4 மெகாபைட். 2021-ல் வந்த விண்டோஸ் 11 குறைந்தபட்சம் கேட்பது 4 கிகாபைட். 1,024 மடங்கு. அன்றும் இன்றும் பெரும்பாலானவர்கள் கணினி முன் உட்கார்ந்து செய்வது கடிதம் எழுதுவது, அஞ்சல் படிப்பது, அட்டவணை நிரப்புவது.

ஆனால் இந்த 1,024-ஐ அப்படியே வீண் என்று சொல்லிவிட்டால் அது நேர்மை ஆகாது. 640-க்கு 480 புள்ளிகள், 256 நிறங்கள் கொண்ட அந்தக் காலத்துத் திரையை ஒருமுறை வரைய சுமார் 300 கிலோபைட் போதும். இன்றைய 4கே திரைக்கு ஒரு முறைக்கு 33 மெகாபைட் வேண்டும். திரை மட்டுமே நூறு மடங்குக்கு மேல் பெருகிவிட்டது.

நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் இந்த எழுத்துகளையே எடுத்துக்கொள்ளுங்கள். 8,000 பைட் எடிட்டருக்குத் தமிழ் தெரியாது. 'கொ' என்று ஓர் எழுத்தைத் தட்டினால், மெமரியில் முதலில் 'க', அடுத்து ஒகரக் குறி என்று இரண்டு எண்களாகப் பதிகிறது. திரையிலோ கொம்பு ககரத்துக்கு இடப்பக்கமும் கால் வலப்பக்கமும் வர வேண்டும். பின்னால் வந்த குறியை இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியை முன்னால் தூக்கி வைக்க ஒரு நிரல் தேவை. அந்த வேலையைச் செய்யும் ஹார்ஃப்பஸ் போன்ற லைப்ரரிகள் இன்று ப்ரௌசர்களிலும் ஃபோன்களிலும் உட்கார்ந்திருக்கின்றன. அரபி, கெமர், தேவநாகரி எல்லாவற்றுக்கும் அவற்றிடம் விதிகள் உண்டு. உலக எழுத்துகளுக்கெல்லாம் எண் தரும் யூனிகோடின் 1991-ல் வந்த முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது, ஆனால் அதை எல்லாக் கருவியிலும் பிழையில்லாமல் காட்ட இத்தனை வருட உழைப்பும் இத்தனை மெகாபைட்டும் பிடித்தன. இந்த எடையில் ஒரு பைட்டைக்கூட நான் குறைக்கச் சொல்ல மாட்டேன்.

பாதுகாப்பும் அப்படித்தான். 2018 ஜனவரியில் ஸ்பெக்டர், மெல்ட்டவுன் என்ற குறைகள் வெளியே தெரிந்தன. ஒரு நிரல் இன்னொன்றின் மெமரியை மறைமுகமாக எட்டிப்பார்க்க வழி இருக்கிறது என்றானது. அதையொட்டி குரோம் ப்ரௌசர் ஒவ்வொரு தளத்தையும் தனித்தனி ப்ராசஸில் (தனக்கென மெமரியோடு தனியாக ஓடும் நிரலில்) அடைத்து வைக்கும் முறையை எல்லாருக்கும் கொண்டுவந்தது. அதனால் மெமரிச் செலவு 10 முதல் 13 சதவீதம் கூடும் என்று கூகுளே சொன்னது. வங்கிக் கணக்கைத் திறந்திருக்கும் டேபையும் விளம்பரம் ஓடும் டேபையும் பிரிக்கும் சுவருக்கான விலை அது. கொடுக்க வேண்டிய விலை.

என் மனத்தாங்கல், யாருக்கும் எதுவும் வாங்கித் தராத எடை மேல்தான். அதை எங்கே பார்க்கலாம் என்றால், உங்கள் கணினியில் எந்த நிரல் எவ்வளவு மெமரி எடுக்கிறது என்று காட்டும் பட்டியலைத் திறந்து பாருங்கள். அரட்டை ஆப் ஒன்று, குறிப்பு எழுதும் ஆப் ஒன்று, பாட்டு கேட்கும் ஆப் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றின் கீழும் நான்கைந்து ப்ராசஸ்கள் தொங்கும். இவற்றில் பலவும் எலக்ட்ரான் என்ற அடித்தளத்தின் மேல் கட்டியவையாக இருக்கும். ஆட்டம் என்ற எடிட்டருக்காக கிட்ஹப் நிறுவனம் 2013-ல் தொடங்கிய அடித்தளம் அது. 2015-ல் எலக்ட்ரான் என்று பெயர் பெற்றது. குரோமின் உள்ளே இருக்கும் குரோமியம் முழுவதையும், அதோடு ப்ரௌசருக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட்ஜேஎஸ்ஸையும், ஒவ்வொரு ஆப்புக்குள்ளும் அது வைத்துக் கட்டித் தருகிறது. திரையில் ஒரு வரி காட்டும் ஆப்பை எழுதினாலும் வட்டில் 100 மெகாபைட்டுக்கு மேல் போகும். மூன்று ஆப் திறந்தால் மூன்று முழு ப்ரௌசர்கள் திறந்த மாதிரி.

ஏன் இதைச் செய்கிறோம் என்பதும் எனக்குத் தெரியும், நானும் செய்திருக்கிறேன். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுக்கும் மூன்று குழு வைக்க எல்லா நிறுவனத்தாலும் முடியாது. ஒருமுறை எழுதினால் மூன்றிலும் ஓடும் என்றால் சின்னக் குழுவுக்கு அது வாழ்வா சாவா என்கிற அளவுக்கு முக்கியம். அப்புறம், எலக்ட்ரான் என்றாலே மந்தம் என்பதும் சரியில்லை. வி.எஸ். கோட் எடிட்டரும் எலக்ட்ரான்தான். அந்தக் குழு விடாமல் அளந்து சீர்செய்கிறது. கோப்புகளில் தேடும் வேலையை ரஸ்ட் மொழியில் எழுதிய ரிப்க்ரெப் என்ற வேகமான கருவியிடம் ஒப்படைத்திருக்கிறது. ஒரே அடித்தளம்தான், அதன்மேல் எழுதும் குழு எவ்வளவு மெனக்கெடுகிறது என்பதில்தான் வித்தியாசம் வருகிறது.

இந்த எடையெல்லாம் சேரும்போது நாங்கள் ஏன் உணரவில்லை? பல வருடங்களுக்கு சிப்புகள் எங்களைக் காப்பாற்றின. சிப்புக்குள் இருக்கும் நுண்சுவிட்சான டிரான்சிஸ்டர் சிறிதாகச் சிறிதாக அதற்குத் தேவைப்படும் மின்சாரமும் அதே விகிதத்தில் குறையும் என்று 1974-ல் ராபர்ட் டென்னார்டும் அவரது சகாக்களும் காட்டியிருந்தார்கள். அதனால் சூடு கூடாமல் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போக முடிந்தது. ஒரு நிரல் மந்தமாக இருந்தால் அதைத் தொட வேண்டியதில்லை. ஒன்றரை வருடம் பொறுத்தால் புதிய கணினியில் தானாக ஓடும். 2000-களின் நடுவில் அது நின்றது. டிரான்சிஸ்டர் மிகச் சிறிதானதும் அணைந்திருக்கும்போதே மின்சாரம் கசியத் தொடங்கியது, வோல்டேஜை மேலும் குறைக்க முடியவில்லை, சூடு ஏறியது. 2004 இறுதியில் பென்டியம் 4 சிப் 3.8 கிகாஹெர்ட்ஸைத் தொட்டது. 4 கிகாஹெர்ட்ஸ் பதிப்பை இன்டெல் அதே ஆண்டு கைவிட்டது. இருபது வருடம் கழித்தும் மேசைக் கணினிச் சிப்பின் உச்ச வேகம் 6-ஐ ஒட்டித்தான் நிற்கிறது. அதற்குப் பதிலாக, ஒரே சிப்பில் பல கோர்களை, அதாவது தனித்தனியாகக் கணக்கிடும் பகுதிகளை, வைத்துத் தருகிறார்கள். அந்தக் கோர்களுக்கு வேலையைப் பிரித்துக் கொடுக்க நிரலை மாற்றி எழுத வேண்டும். ஆனால் பொறுத்திருந்தால் வேகம் தானாக வரும் என்ற பழக்கம் எங்கள் கையை விட்டுப் போகவில்லை.

மெமரி விஷயம் இன்னும் நுட்பமானது. சிப்புக்குள்ளேயே இருக்கும் சின்ன மெமரியான முதல் கேஷிலிருந்து ஒரு தகவலை எடுக்க ஏறக்குறைய 1 நானோவிநாடி பிடிக்கும். வெளியே இருக்கும் முதன்மை மெமரியான ராமிலிருந்து என்றால் ஏறக்குறைய 100. கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டியிலிருந்து என்றால் 1 லட்சம். கேஷுக்கு 1 விநாடி என்று வைத்துக் கணக்குப் போட்டால், ராமுக்குப் போய்வர ஒன்றரை நிமிடத்துக்கு மேல், எஸ்எஸ்டிக்குப் போய்வர ஒரு நாளுக்கும் மேல். நிரல் பெரிதாகும்போது அது கேஷில் அடங்காமல் போகிறது. சிப் வேலையே செய்யாமல், தகவல் வரும்வரை காத்து நிற்கிறது. பெரிய நிரல் மெதுவாக இருப்பதற்கு அது நிறைய வேலை செய்வது மட்டும் காரணமில்லை. அடிக்கடி தூரமாகப் போய் வர வேண்டியிருப்பதும் காரணம்.

இதில் எவ்வளவு வேகம் சும்மா கிடக்கிறது என்பதை 2020-ல் எம்ஐடியின் சார்ல்ஸ் லைசர்சனும் சகாக்களும் சயன்ஸ் இதழில் காட்டினார்கள். 4,096 வரிசை, 4,096 நெடுவரிசை கொண்ட இரண்டு எண் அணிகளைப் பெருக்கும் கணக்கு. பாடப்புத்தகத்தில் இருப்பதுபோல பைத்தானில் எழுதினால் சுமார் 7 மணி நேரம். அதையே ஜாவாவில் எழுதினால் 40 நிமிடம், சி மொழியில் 9 நிமிடம். அப்புறம் 18 கோர்களுக்கும் வேலையைப் பிரித்து, கேஷில் அடங்கும்படி துண்டு போட்டு, சிப்பின் சிறப்புக் கட்டளைகளைப் பயன்படுத்தியபோது 0.41 விநாடி. கணினி மாறவே இல்லை. எல்லா நிரலையும் இப்படி 60,000 மடங்கு வேகமாக்க முடியாது, அதற்கு அவசியமும் இல்லை. ஆனால் நம் மேசைமேல் இருக்கும் கருவிக்குள் எவ்வளவு இருக்கிறது என்பதை இந்த ஒரு கணக்கு காட்டிவிடுகிறது.

சரி, அணிப் பெருக்கல் ஆய்வுக்கூடத்து உதாரணம். கோடிக்கணக்கானவர்கள் வாங்கிய ஒரு விளையாட்டை எடுத்துக்கொள்வோம். ராக்ஸ்டார் நிறுவனத்தின் ஜிடிஏ ஆன்லைன் 2013-ல் வந்தது. உள்ளே நுழையப் பல நிமிடம் காத்திருக்க வேண்டும் என்று ஆடுபவர்கள் வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2021-ல், அந்த நிறுவனத்துக்கு வெளியே இருந்த ஒரு நிரலாளர், மூல நிரல் கையில் இல்லாமலே, ஓடிக்கொண்டிருக்கும் நிரலை அலசிப் பார்த்தார். அவர் கணினியில் 6 நிமிடம் ஆனது. அதில் நான்கு நிமிடம் ஒரே ஒரு கோர் மட்டும் முழு மூச்சாக உழைத்துக்கொண்டிருந்தது.

அது செய்துகொண்டிருந்தது இதுதான். விளையாட்டுக்குள் வாங்கக்கூடிய பொருள்களின் பட்டியல், சுமார் 63,000 உருப்படிகள், 10 மெகாபைட் எழுத்துக் கோப்பாக வருகிறது. அதிலிருந்து ஒவ்வொரு மதிப்பையும் படித்தெடுக்க சி மொழியின் பழைய ஃபங்ஷன் (ஆயத்தக் குட்டி நிரல்) ஒன்றைக் கூப்பிட்டார்கள். அந்த ஃபங்ஷன் ஒவ்வொரு முறையும், படிக்கத் தொடங்குமுன், எழுத்து எங்கே முடிகிறது என்று பார்க்கக் கோப்பின் கடைசிவரை நடந்துவிட்டு வரும். ஒரு தடித்த புத்தகத்தை வாசிக்கும் ஒருவர், ஒவ்வொரு சொல்லைப் படிக்கும் முன்னும் மீதிப் பக்கங்களை எல்லாம் கடைசிவரை எண்ணிவிட்டு வருவதாக நினைத்துக்கொள்ளுங்கள். அப்படிப் படித்த உருப்படியைச் சேர்க்கும் முன், இது ஏற்கெனவே பட்டியலில் இருக்கிறதா என்று முன்னால் சேர்த்த ஒவ்வொன்றோடும் ஒப்பிட்டது இன்னொரு நிரல். 63,000 உருப்படிக்கு அப்படி ஒப்பிட்டால் கிட்டத்தட்ட 200 கோடி ஒப்பீடு. அவர் இந்த இரண்டையும் சின்னத் திருத்தங்களால் சரிசெய்தார். 6 நிமிடம் 1 நிமிடம் 50 விநாடியானது. ராக்ஸ்டார் நிறுவனம் அதை ஒப்புக்கொண்டு அப்டேட் வெளியிட்டது, அவருக்கு 10,000 டாலர் பரிசும் தந்தது.

இதை எழுதியவர் திறமையில்லாதவர் என்று எனக்குத் தோன்றவில்லை. பட்டியலில் நூறு உருப்படி இருக்கும்போது அதே நிரல் கண் இமைக்கும் நேரத்தில் முடிந்திருக்கும், சோதனையிலும் தேறியிருக்கும். பட்டியல் மெல்ல மெல்ல வளர்ந்தபோது யாரும் திரும்பிப் போய்ப் பார்க்கவில்லை. என் பதினோரு விநாடிப் பக்கத்தின் கதையும் இதே கதைதான். அதனால்தான் இந்த உதாரணத்தை விட்டு நகர எனக்கு மனம் வரவில்லை.

லைப்ரரிகள் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு லைப்ரரியைச் சேர்க்க ஒரு வரி கட்டளை போதும்; அது தன் பங்குக்கு நூறைக் கூட்டிவரும், நாம் பார்ப்பதுகூட இல்லை. 2016 மார்ச்சில் லெஃப்ட்பேட் என்ற 11 வரி நிரலை அதை எழுதியவர் பொதுக் களஞ்சியமான என்பிஎம்மிலிருந்து எடுத்துவிட்டார். ஒரு சொல்லின் இடப்பக்கம் வேண்டிய அளவு இடைவெளி சேர்ப்பது மட்டுமே அதன் வேலை. ரியாக்ட், பேபல் போன்ற பெரிய திட்டங்கள் அன்று பில்ட் ஆகாமல் நின்றன. அதை எழுதத் தெரியாதவர் அந்தத் திட்டங்களில் யாரும் இருந்திருக்க மாட்டார். அது தங்களுக்குள் இருக்கிறது என்பதே பலருக்கு அன்றுதான் தெரிந்தது.

2024-ல் நடந்தது இதைவிடக் கவலைக்குரியது. ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர் ஒரு லினக்ஸ் கணினியில் வேறு ஏதோ அளந்துகொண்டிருந்தார். தொலைவிலிருந்து ஒரு கணினியை இயக்க உதவும் எஸ்எஸ்எச் வழியாக உள்ளே நுழைய வழக்கமாக 0.3 விநாடி ஆகும், அன்று 0.8 ஆனது. அரை விநாடி. என்னைப் போன்ற ஒருவர் அதைக் கவனித்திருக்கவே மாட்டார். அவர் விடவில்லை, தோண்டிக்கொண்டே போனார். எக்ஸ்இசட் என்ற, கோப்புகளைச் சுருக்கும் லைப்ரரிக்குள் யாரோ திட்டமிட்டுப் பின்வாசல் வைத்திருந்தது தெரியவந்தது. சரி, கோப்பு சுருக்கும் லைப்ரரிக்கு எஸ்எஸ்எச்சுக்குள் என்ன வேலை? ஒரு வேலையும் இல்லை. எஸ்எஸ்எச் சேவை தொடங்கிவிட்டது என்று சிஸ்டம்டி என்ற மேலாளருக்கு ஒரு சின்னச் சேதி அனுப்ப வேண்டும். அதற்காகச் சில லினக்ஸ் வெளியீடுகள் சிஸ்டம்டியின் லைப்ரரியை முழுதாக இணைத்திருந்தன. அந்த லைப்ரரி வேறு காரணத்துக்காக எக்ஸ்இசட்டை இழுத்துவந்தது. உலகெங்கும் சர்வர்களின் வாசற்கதவாக இருக்கும் நிரலுக்குள் அந்நியர் ஒருவர் அந்த வழியாக நுழைந்துவிட்டார். பிறகு ஓபன்எஸ்எஸ்எச் குழு, எந்த லைப்ரரியும் இல்லாமல் அந்தச் சேதியை அனுப்பும் சின்ன நிரல் ஒன்றைத் தாங்களே எழுதிச் சேர்த்துக்கொண்டது. வீண் எடையை நான் வேகப் பிரச்சினையாக மட்டும் பார்த்துவந்தேன். இதற்குப் பிறகு அப்படிப் பார்க்க முடியவில்லை.

இவ்வளவு தெரிந்தும் ஏன் மாறவில்லை என்றால், எடையைச் சேர்ப்பவர் ஒருவர், சுமப்பவர் இன்னொருவர். எங்களுக்கெல்லாம் புதிய கணினி, வேகமான இணைப்பு. புதிய ஃபீச்சர் வந்தால் ரிலீஸ் குறிப்பில் ஒரு வரி ஏறும். பக்கம் ஒரு விநாடி வேகமானால் அதற்கு வரி கிடையாது. ஆனால் 1 லட்சம் பேர் ஒரு பக்கத்தைத் தினம் 10 முறை திறந்தால், அந்த ஒரு விநாடி தினம் 277 மணி நேரம். யாருடைய கணக்கிலும் அது செலவாகப் பதிவதில்லை. போதாக்குறைக்கு பேட்டரி தீர்கிறது, டேட்டா தீர்கிறது. உடையாத ஃபோனை, ஆப் ஓடவில்லை என்பதற்காகத் தூக்கிப் போட வேண்டியிருக்கிறது. 2022-ல் உலகம் வீசியெறிந்த மின்னணுக் கழிவு 6.2 கோடி டன் என்று ஐ.நா. அமைப்புகளின் அறிக்கை சொல்கிறது. முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்தது அதில் 22.3 சதவீதம்தான். அத்தனைக்கும் மென்பொருள் காரணமில்லை. ஆனால் நல்ல நிலையில் உள்ள கருவியைப் பழையதாக்குவதில் எங்கள் கைக்கும் பங்கு இருக்கிறது.

1982-ல் ஆப்பிளின் லிசா கணினியில் வேலை செய்த பில் அட்கின்சனைப் பற்றி அவருடைய சகா ஆண்டி ஹெர்ட்ஸ்ஃபெல்ட் பதிவுசெய்திருக்கும் நிகழ்ச்சி எனக்கு மிகவும் பிடிக்கும். வாரம் எத்தனை வரி எழுதினாய் என்று படிவத்தில் நிரப்பச் சொல்லி மேலாளர்கள் ஏற்பாடு செய்தார்கள். அந்த வாரம் அட்கின்சன், திரையில் வடிவங்களைக் கணக்கிடும் பகுதியை எளிமையான ஒரு முறையில் திருப்பி எழுதியிருந்தார். அது கிட்டத்தட்ட ஆறு மடங்கு வேகமானது, சுமார் 2,000 வரிகளும் குறைந்தன. படிவத்தில் -2000 என்று எழுதிக் கொடுத்தார். சில வாரங்களில் அவரிடம் படிவம் கேட்பதை நிறுத்திவிட்டார்கள்.

இன்றும் முடியாத காரியம் இல்லை. ரிச்சர்ட் ஹிப் 2000-ல் வெளியிட்ட எஸ்கியூலைட் என்ற தரவுத்தள லைப்ரரி இன்று ஆண்ட்ராய்ட், ஐஃபோன் எல்லாவற்றிலும், முக்கிய ப்ரௌசர்களிலும் இருக்கிறது. 20 வருடத்துக்கு மேல் வளர்ந்தும் அது 1 மெகாபைட்டுக்குள்தான் அடங்கியிருக்கிறது. நிரலைப்போலப் பல நூறு மடங்கு அளவுக்குச் சோதனை நிரல் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தத் தைரியத்தில்தான் அவர்களால் உள்ளே கைவைத்து மாற்ற முடிகிறது. எங்களுக்குப் பெரும்பாலும் அந்தத் தைரியம் இல்லாததால்தான் பழையதைத் தொடாமல் புதியதை மேலே அடுக்குகிறோம்.

எங்கள் பக்கத்துக்கு வருகிறேன். ஐகான் தொகுப்பை எடுத்துவிட்டு, நாட்காட்டிப் படத்தை மட்டும் சில நூறு பைட்டில் பக்கத்துக்குள்ளேயே வைத்தேன். சார்ட் லைப்ரரியைத் தேவைப்படும் பக்கத்தோடு மட்டும் இறங்கும்படி பிரித்தோம். பக்கத்தின் எடை ஒரு வரம்பைத் தாண்டினால் பில்ட் நின்றுவிடும்படி ஒரு சோதனை சேர்த்தோம். முதல் மாதத்திலேயே அது இரண்டு முறை எங்களைத் தடுத்தது. குழுவில் ஒரு பழைய லேப்டாப்பை வாங்கி வைத்து, ரிலீஸுக்கு முன் அதில் ஒருமுறை திறந்து பார்ப்பது என்று முடிவு செய்தோம். அந்தப் பெண்மணியின் கணினியில் இப்போது மூன்று விநாடியில் திறக்கிறது. இரண்டாவது தேதி லைப்ரரி இன்னும் உள்ளேதான் இருக்கிறது. அதைக் கூட்டிவந்த லைப்ரரியை நாற்பது இடங்களில் பயன்படுத்தியிருக்கிறோம், சோதனை எழுதாத இடங்கள் அதில் பாதிக்கு மேல். இந்த வாரம் முதல் ஐந்து இடங்களுக்குச் சோதனை எழுதி முடித்திருக்கிறேன்.